பன்னிரண்டு டின் புழு

கொழுந்து பறிக்கப் போன இடத்தில் புழு பொறுக்கச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? சண்முகவடிவுக்கு வரவில்லை. சொல்லப்போனால் அன்றைக்குக் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் பேர் வாசித்தபோது அவள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டாள். முழங்கால் வலி அவளை இரண்டு மாதமாகப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. முதுகில் கூடையோடு சரிவில் ஏறி இறங்கி, பதினெட்டுக் கிலோ நிறுத்துக் காட்டினால்தான் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் கூலி. குறைந்தால் அரைப்பேர். இந்த வேலையில் அதெல்லாம் இல்லை. ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக்குப் புழு விழுந்திருக்கிறது, பன்னிரண்டு பெண்கள் போய்ப் பொறுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பால்மா டின். டின் நிறைந்தால் முழுப்பேர், நேரத்தோடு வீட்டுக்கும் போகலாம். கல்லோடைத் தோட்டத்தில் இப்படி ஒரு சலுகை இதற்கு முன்னால் யாருக்குக் கிடைத்திருக்கிறது?

புழு ஒன்றும் புதிதில்லை. முழம்போடும் புழு என்பார்கள். அதற்கு முன்னால் கொஞ்சம் கால், பின்னால் கொஞ்சம் கால், நடுவில் சுத்தமாக ஒன்றுமில்லை. அதனால் மற்றப் புழுக்களைப் போல ஊர முடியாது. முன்காலால் பிடித்துக்கொண்டு, முதுகை வில்லாக வளைத்துப் பின்காலைப் பக்கத்தில் இழுத்து வைத்து, மறுபடியும் முன்னால் நீட்டும். கொட்டகலைக் கடையில் அன்ஸார் முதலாளி சீலைத் துணியை அளந்து போடுகிற மாதிரியே இருக்கும். தொட்டால் அப்படியே விறைத்து, காய்ந்த குச்சியாக நின்றுவிடும். லயத்து வரிசை வீட்டுப் பெண்களுக்கு இதில் ஒரு நம்பிக்கையும் உண்டு. அந்தப் புழு உன் சீலை ஓரத்தை அளந்தால் புதுச்சீலை வரும். தலையிலிருந்து கால்வரைக்கும் அளந்துவிட்டால், ஐயோ, அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

முதல் நாள் தேயிலைச் செடிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்ததில் கால் டின்கூடத் தேறவில்லை. இரண்டாம் நாளும் அதே கதைதான். முத்துலிங்கம் அரைப்பேர் போட்டுவிட்டு, "கண்ணு தெரியலையா ஒங்களுக்கு? தொரை மலை முழுக்கப் புழுன்னு சொல்றாரு, நீங்க கையை விரிக்கிறீங்க" என்று சத்தம் போட்டார்.

மூன்றாம் நாள் வடிவு கால் கடுத்துப்போய் ஒரு முள்முருங்கை மரத்தில் சாய்ந்தாள். தேயிலைக்கு நிழலுக்காக வரிசையாக நிற்கும் மரங்கள் அவை. முகத்தில் ஏதோ நூல் மாதிரி ஒட்டியது. அண்ணாந்து பார்த்தால், அடேயப்பா! ஒவ்வொரு கிளையிலிருந்தும் நூல்விட்டுத் தொங்குகின்றன புழுக்கள். அதே மாதிரி வளைகின்றன, அதே மாதிரி முழம் போடுகின்றன. தடியால் கிளையை நாலு தட்டுத் தட்டினாள். ஒன்பது மணிக்கு டின் நிறைந்துவிட்டது.

அவளுக்கு அதில் குற்றம் செய்கிற எண்ணமே இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். புழு புழுதானே என்றுதான் நினைத்தாள். ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ ஓர் உறுத்தல் இருந்திருக்கத்தான் வேண்டும். இல்லையென்றால் எதற்கு டின்னின் மேலே நாலு தேயிலைக் கொழுந்தைக் கிள்ளிப் போட்டு மூடுவாள்? தேயிலையில் எடுத்த புழு என்று பார்க்கிறவர்கள் நம்புவதற்குத்தானே?

பக்கத்து நிரையில் நின்ற பேச்சியம்மாவிடம் மட்டும் சொன்னாள். பேச்சியம்மாவிடம் ஒன்றைச் சொல்வதும் கோவில் ஸ்பீக்கரில் சொல்வதும் ஒன்றுதான். பத்து மணிக்குள் பன்னிரண்டு பேரும் மரத்தடியில் நின்றார்கள். மேலே போட வேண்டிய கொழுந்துவரைக்கும் வடிவு சொன்னபடியே செய்தார்கள். முத்துலிங்கம் மடுவத்தில், கொழுந்து நிறுக்கிற அந்தக் கொட்டகையில், போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆறு நாள் பன்னிரண்டு டின்னும் நிறைந்தன. ஆறு நாளும் முழுப்பேர்.

அந்த ஆறு நாளில் கடைசி நாள், வெள்ளிக்கிழமை, டின்களைக் கொடுக்கும்போதுதான் தலையில் இடி விழுந்தது.

"புழு எக்கச்சக்கமாப் பெருத்துப்போச்சு. திங்கக்கிழமை ஏழாம் நம்பருக்கு மருந்து அடிக்கிறோம்" என்றார் முத்துலிங்கம்.

வடிவுக்கு லயத்துத் தண்ணீர்தான் ஞாபகம் வந்தது. ஏழாம் நம்பர் மலையின் மடியிலிருந்துதான் ஊற்றுத் தண்ணீர் கசிந்து, ஓடையாகி, குழாய் வழியாக லயத்துப் பீலியில் கொட்டுகிறது. குடிக்க, சமைக்க, பிள்ளை குளிப்பாட்ட எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பீலிதான். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மலைக்கு மருந்தடித்தார்கள். அடித்த மறுநாள் மழை கொட்டியது. பீலித் தண்ணீரை வாயில் வைத்தால் கசந்தது. லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வாந்தி எடுத்துத் துவண்டு விழுந்து, லொறியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். திருவிழாச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆபீசில் சொல்லிப் பூசி மெழுகிவிட்டார்கள். அந்த மாதம் திருவிழாவே இல்லை.

இப்போது வீட்டில் கிருஷாந்தி இருக்கிறாள். கொத்மலைப் பக்கம் கட்டிக்கொடுத்த ஒரே மகள், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மாதம் ஒன்பது. தாகம் தாகம் என்று நாளைக்குப் பத்துத் தடவை பீலிக்குப் போகிறாள்.

வடிவு ஓடிப்போய்க் கணக்கப்பிள்ளையின் முன்னால் நின்றாள். "ஐயா, மருந்து வேணாங்கையா. நாங்களே பொறுக்கி முடிச்சிடுறோம்."

"நீங்க பொறுக்கினதுனாலதானே இவ்வளவு இருக்குன்னே தெரிஞ்சிச்சு" என்று சிரித்தார் அவர்.

 வடிவு தன் கையாலேயே ஆறு நாள் டின் டின்னாக நிரப்பி மகளின் தண்ணீரில் நஞ்சைக் கலக்க வழி பண்ணியிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் நின்றுவிடும்தான். ஆனால் சொன்னால் போவது அவளுடைய பேர் மட்டுமா? பன்னிரண்டு பேருடைய ஆறு நாள் பேரும் போய்விடுமே. பேச்சியம்மா வீட்டில் அந்த மாதத்து அரிசியே அதில்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஓர் அம்மணி வந்தார். மருந்து தேவைதான் என்று அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் தோட்டம் அடிக்கலாமாம். பெயர் ஷப்னா. அட்டன் பஸாரில் இரும்புக்கடை வைத்திருக்கிறவரின் மகள், முப்பது வயதிருக்கும். தலையில் முக்காடு, கழுத்தில் கயிற்றில் தொங்கும் லென்ஸ், காலில் சேறு. மடுவத்து மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, முந்தின நாள் பொறுக்கிய டின்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். பன்னிரண்டு பெண்களும் சுற்றி நின்றார்கள். கொட்டிய புழுக்கள் எல்லாம் ஒரு நொடி குச்சியாக விறைத்து நின்று, பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் அளக்கத் தொடங்கின.

ஷப்னா எண்ணி இருநூறு புழுவை எடுத்து, லென்ஸில் பார்த்துப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒன்று சின்னது. மற்றது பெரியது.

"எல்லாம் ஒண்ணுதானே மிஸ்? எதுக்குப் பிரிக்கிறீங்க?" என்று கேட்டாள் பேச்சியம்மா.

"ஒரே குடும்பம்தான் அக்கா. அளந்து அளந்து நடக்கிற குடும்பம். இதுல மட்டும் உலகத்துல இருபதாயிரம் வகைக்கு மேல இருக்கு. ஆனா குடும்பத்துக்குள்ள கிளை வேற வேற. தலையைப் பாருங்க." லென்ஸை நீட்டினார். "சின்னக் குவியல்ல இருக்கிறதுக்கு உருண்டைத் தலை. அதுதான் தேயிலை திங்கிற புழு. பெரிய குவியல்ல தலை நடுவுல பிளந்து ரெண்டு முனையா நிக்குது, தெரியுதா?"

"அட ஆமா, கொம்பு!"

"கொம்புன்னே வச்சுக்கங்க. உருண்டைத் தலை வளந்தா மரப்பட்டை நெறத்துல அந்துப்பூச்சியாகும். அந்தக் கிளைக்குப் பின்னிறகுல ஒரு நரம்பு மங்கிப்போயிருக்கும், அத வச்சுத்தான் பிரிப்போம். கொம்பு உள்ளது அநேகமாப் பச்சை அந்துப்பூச்சிக் கிளை. ரெண்டுமே உட்கார்றப்ப இறகை விரிச்சுச் சுவரோட சுவரா ஒட்டிக்கும். ரெண்டுக்குமே வயித்துலதான் காது."

"வயித்துல காதா?" பேச்சியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க வீட்டு மனுசனுக்கு இருக்க வேண்டிய எடத்துலயே இல்ல மிஸ்."

எல்லாரும் சிரித்தார்கள், ஷப்னாவும் சேர்ந்துதான். வடிவு மட்டும் சிரிக்கவில்லை. அவள் பெரிய குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நூத்தி அறுபத்து மூணு கொம்பு, முப்பத்தேழு உருண்டை" என்று எழுதினார் ஷப்னா. "உருண்டை மட்டும்னா மருந்தே தேவைப்படாது, கையாலயே பொறுக்கிடலாம். ஆனா இந்தக் கொம்பன் தேயிலையில இருக்கிறத நான் எங்கயுமே பார்த்ததில்ல. நெசமாவே தேயிலைய திங்குதுன்னா..." அவர் குரல் நடுங்கியது. சந்தோஷத்தில்தான். "புதுப் புழு அக்கா! இதுவரைக்கும் யாரும் எழுதினதே இல்ல. நான் இன்னைக்கே மேல அறிவிக்கணும். அப்புறம் ஏழாம் நம்பருக்கு மட்டும் அடிச்சா போதாது. பக்கத்து மலைக்கெல்லாம் அடிக்கணும்."

 ஒரு மலை போய் இப்போது எல்லா மலையுமா?

"எல்லாம் தேயிலையில எடுத்ததுதானே?" என்று கேட்டார் ஷப்னா.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.  முத்துலிங்கம் முந்திக்கொண்டார். "தேயிலையிலதான் மிஸ். நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

இருந்தாராம்! வடிவு வாயைத் திறக்கப் போனாள். பேச்சியம்மா அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். "வாயை மூடிக்கிட்டு நில்லு. ஆறு நாள் பேரு" என்று காதோடு சொன்னாள்.

ஷப்னா ஒரு கொம்புப் புழுவைக் குப்பியில் போட்டு, சின்னத் தாளில் எழுதத் தொடங்கினார். கல்லோடைத் தோட்டம். ஏழாம் நம்பர் மலை. உணவுச் செடி: தேயிலை.

"அது என்ன மிஸ் எழுதுறீங்க?" என்று கேட்டாள் வடிவு.

"லேபிள் அக்கா. எங்க, எப்ப, எந்தச் செடியில, யாரு எடுத்தாங்க. இது இல்லேன்னா குப்பிக்குள்ள இருக்கிறது வெறும் செத்த புழு."

"தப்பா எழுதிட்டா?"

ஷப்னா நிமிர்ந்து பார்த்தார். "அது இன்னும் மோசம். அம்பது வருசம் கழிச்சுக்கூட அத நம்பி யாராவது மருந்து அடிப்பாங்க."

வடிவு அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு லயத்துக்கு இறங்கினாள். முழங்கால் விண்விண் என்று தெறித்தது. பீலியடியில் கிருஷாந்தி நின்றுகொண்டிருந்தாள். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, குனிய முடியாமல் குனிந்து, மற்றக் கையை ஏந்தி மடக் மடக்கென்று குடித்தாள். குடித்துவிட்டு ஈரக் கையால் வயிற்றைத் தடவினாள்.

"என்னம்மா இந்த நேரத்துல வந்துட்டீங்க? ஒங்க பேரன் தண்ணி கேட்டு உதைக்கிறான்" என்று சிரித்தாள்.

 வடிவு அந்தத் தண்ணீரையே கேத்தலில் பிடித்துக் கொதிக்க வைத்தாள். இஞ்சி தட்டிப் போட்டாள்.  பேச்சியம்மா காறித் துப்பட்டும், பதினோரு பேரும் மண்ணை வாரித் தூற்றட்டும், நான் சொல்லத்தான் போகிறேன் என்று அடுப்படியில் நின்றே முடிவு பண்ணிவிட்டாள். பயமாகத்தான் இருந்தது. பயத்தோடேதான் மேலே ஏறினாள்.

மடுவத்தில் இப்போது தோட்டத்துத் துரையும் வந்து நின்றார். ஷப்னா கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்தார். வடிவு தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையில் கொடுத்தாள். ஒரு மிடறு குடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கா மிஸ்?"

"ரொம்ப நல்லா இருக்கு அக்கா."

"அது ஏழாம் நம்பர் மலைத் தண்ணி. நாங்க எல்லாரும் அதத்தான் குடிக்கிறோம். எம் மக மாசமா இருக்கா, அவளும் அதத்தான் குடிக்கிறா." மூச்சு வாங்கினாள். "அந்தக் கொம்புப் புழு தேயிலையில எடுத்தது இல்ல மிஸ். நான் முள்முருங்கை மரத்துலருந்து தட்டுனது. டின்னு நெறையணும்னு பண்ணிட்டேன். மொத மொதல்ல பண்ணது நான்தான்."

பேச்சியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். முத்துலிங்கத்துக்கு முகம் வெளிறியது. "மருந்து அடிக்கக் கூடாதுன்னு பொய் சொல்றா சார்! நேத்தே வந்து கெஞ்சினா!" என்று துரையிடம் கத்தினார்.

ஷப்னாவும் உடனே நம்பிவிடவில்லை. நம்புவது அவருக்கு மட்டும் சுலபமா என்ன? கையில் கிடைத்த புதுப் புழுவல்லவா கைவிட்டுப் போகிறது! "ஆனா டின்னுக்குள்ள தேயிலைக் கொழுந்து இருந்துச்சே அக்கா" என்றார் மெதுவாக.

"அதையும் நான்தான் போட்டேன். நேத்துக் காலையில போட்டது. ஒரு ராத்திரி முழுக்க இந்தப் புழுவோட டின்னுக்குள்ள கெடந்திருக்கு. எடுத்துப் பாருங்க மிஸ், எத்தனை எலையில பல்லு பட்டிருக்கு?"

ஷப்னா டின்களிலிருந்து விழுந்த கொழுந்துகளைத் துணியில் பரப்பினார். ஒன்றிரண்டில் ஓரம் அரித்திருந்தது, அது உருண்டைத் தலைகளின் வேலை. மற்றதெல்லாம் வாடியிருந்தனவே தவிர முழுசாக இருந்தன. வடிவு வெளியே போய் ஒரு முள்முருங்கைக் கொப்பை ஒடித்து வந்து பெரிய குவியலின் நடுவில் வைத்தாள்.  ஒரு புழு இலையை முட்டியது. இன்னொன்று ஏறியது. கொஞ்ச நேரத்தில் கொம்புத் தலைகள் வரிசையாக இலையோரத்தில் குந்தி, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி தின்னத் தொடங்கின. பாவம், ஒரு நாள் பசி.

 ஷப்னா லேபிளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். உணவுச் செடி: முள்முருங்கை. சேகரித்தவர்: சண்முகவடிவு. எழுதி முடித்து, "மருந்து தேவையில்ல சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று பேனாவை மூடினார்.

மருந்து நின்றது. ஆனால் துரை சும்மா விடுவாரா? பன்னிரண்டு பேருக்கும் ஆறு நாள் பேர் வெட்டு. உண்மையைச் சொன்னதற்குத் தண்டனையா என்று ஷப்னா எவ்வளவோ வாதாடிப் பார்த்தார். அது தோட்ட விசயம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் துரை. முத்துலிங்கத்துக்கு ஒரு நாள்கூட வெட்டவில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து வடிவிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பீலிக்கு அவள் வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். மலையில் அவளுக்கு இரண்டு பக்கத்து நிரையும் காலியாகக் கிடந்தன. இருபது வருடம் ஒரே இடத்தில் கூடையை இறக்கி ஒன்றாகச் சாப்பிட்ட பேச்சியம்மா, ரொட்டியை எடுத்துக்கொண்டு வேறு கல்லுக்குப் போனாள். அதுதான் வடிவைக் கொன்றது. ரோசக்காரி, யார் முன்னாலும் அழமாட்டாள். சமைக்கும்போது புகை என்று சொல்லிக்கொண்டு அழுதாள்.

பத்தொன்பதாம் நாள் கிருஷாந்திக்கு வலி கண்டது. பெண் குழந்தை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். லயத்தில் பிள்ளை பிறந்தால் தண்ணீர் ஊற்றப் பெண்கள் எல்லாரும் வருவார்கள். ஒருத்தி வெந்நீர் வைப்பாள், ஒருத்தி எண்ணெய் காய்ச்சுவாள், பேச்சியம்மாதான் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் குளிப்பாட்டுவாள். கல்லோடையில் அவள் கை படாத பிள்ளையே கிடையாது. வடிவு விடிந்ததிலிருந்து வாசலைப் பார்த்தாள். எட்டு மணியாயிற்று, ஒன்பதாயிற்று. ஒரு நாதியில்லை.

சரி போகட்டும் என்று தானே வெந்நீரை விளாவிக்கொண்டு பீலியடிக்கு வந்தாள். வெயில் நன்றாக இருந்தது. கல்லில் துவாயை விரித்துப் பிள்ளையைக் கிடத்திவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கத் திரும்பினாள். மறுபடி பார்த்தபோது பிள்ளையின் உச்சந்தலையில் ஒரு புழு. பீலியோரத்து மரத்திலிருந்து நூல்விட்டு இறங்கியிருக்கிறது. நெற்றியில் ஒரு முழம், மூக்கில் ஒரு முழம், நெஞ்சில் ஒரு முழம் என்று நேராகக் காலை நோக்கி அளந்துகொண்டு போகிறது.

"ஐயோ எம் பிள்ளை!" என்று கத்தினாள் வடிவு. கிண்ணம் விழுந்து எண்ணெய் முழுக்கக் கல்லில் ஓடியது.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து பிள்ளையின் வயிற்றின் மேல் புழுவை நறுக்கென்று எடுத்தது. பேச்சியம்மா. இடுப்பில் வெந்நீர்க் குடம், தோளில் பழைய சீலைத் துணி. புழுவைக் கண்ணுக்கு நேரே பிடித்து, வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"எதுக்குடி கத்துற? கொம்பு இருக்கு பாரு. மரத்துப் புழு, தேயிலைப் புழு இல்ல" என்றாள். இருபத்திரண்டு நாள் கழித்து அவள் வடிவிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். "கொண்டுபோயி மரத்துலயே விடு."

வடிவு புழுவை வாங்கிக்கொண்டாள். அது அவள் உள்ளங்கையில் குச்சியாக விறைத்து நின்றது.

"ஒன் மூஞ்சிக்காக வரல. பிள்ளைக்காக வந்தேன், தெரிஞ்சுக்க" என்று சொல்லிக்கொண்டே பேச்சியம்மா கல்லில் உட்கார்ந்து காலை நீட்டினாள். பிள்ளையைத் தூக்கிக் கால்மேல் போட்டுக்கொண்டாள். குடத்து வெந்நீரில் பீலித் தண்ணீரைக் கலந்து, ஒரு கை அள்ளி முதலில் தன் வாயில் விட்டுப் பார்த்தாள். விழுங்கினாள். பிறகுதான் பிள்ளையின் தலையில் ஊற்றினாள்.